வரப்பு நடை

தஞ்சைத் தரணியை நெற்களஞ்சியம் என்று புகழாதவர் இல்லை. அந்த நெல்லிடம் போகும் வழி வரப்பு என்பதைச் சொல்பவர்தாம் குறைவு. ஓரடி அகலம் இருந்தால் அது நல்ல வரப்பு. மேட்டூர் அணை திறந்து, குறுவைக்குத் தண்ணீர் வந்து, சேற்றை வாரி அணைத்துவிட்டால் அந்த ஓரடியும் வழுக்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் தலையில் நாற்றுக்கட்டைச் சுமந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டே அதன்மேல் நடப்பார்கள். பத்தாம் வகுப்புப் படித்த நாளிலிருந்து என்னால் அப்படி நடக்க இயலவில்லை.

முதலில் செருப்பைக் குறை சொன்னோம். பிறகு பாட்டி திருஷ்டி என்றார். எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார்கள். சத்துக் குறைவு என்றார் ஒருவர்; வீட்டிலிருந்த ஒரே கோழியின் முட்டைகளை எல்லாம் அம்மா எனக்கே அவித்துத் தந்தாள். விழுவது நிற்கவில்லை.

கடைசியில் ஒரு நரம்பியல் மருத்துவர் என்னை நடந்து காட்டச் சொன்னார். ஒரு காலின் குதி மறு காலின் பெருவிரலைத் தொட, அடிமேல் அடி வைத்து, நேர்க்கோட்டில் பத்தடி. அஃது எங்கள் வரப்பு நடையேதான்! ஊரில் சின்னஞ்சிறுவரும் தேறிவிடும் அந்தத் தேர்வில் நான் மூன்றாம் அடியிலேயே தோற்றேன். அடுத்து, கால்களைச் சேர்த்து நின்று கண்ணை மூடச் சொன்னார். மூடினேன், சாய்ந்தேன், அவர் பிடித்துக்கொண்டார். 19ஆம் நூற்றாண்டில் பெர்லின் நகரில் வாழ்ந்த ரோம்பெர்க் என்ற மருத்துவரின் பெயரால் வழங்கும் சோதனை அது.

நாம் நிமிர்ந்து நிற்கக் கண்ணும் உட்செவியும் கால்களின் உணர்ச்சி நரம்புகளும் மூளைக்கு ஓயாமல் செய்தி அனுப்ப வேண்டும். சிறுமூளை அவற்றைச் சேர்த்து உடலை நிலைநிறுத்துகிறது. என் கால்கள் அனுப்பும் செய்தி வழியிலேயே தேய்ந்துபோகிறது. ஆகவே என் கால் எங்கே இருக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்துத்தான் அறிகிறேன். இரவில் மின்சாரம் போனால் என் கால்களும் போய்விடும். இந்நோய்க்கு ஃபிரீட்ரைக் அட்டாக்சியா என்று பெயர். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரப் பேராசிரியர் ஃபிரீட்ரைக் 1863இல் இதனை விவரித்தார். இதற்குரிய மரபணுவை 1996இல் ஒன்பதாம் குரோமோசோமில் கண்டறிந்தனர். 2023இல் அமெரிக்கா ஒரு மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. அது நோயின் வேகத்தைத் தணிக்குமே தவிரப் போக்காது. ஓராண்டு மருந்தின் அமெரிக்க விலை நம் பணத்தில் சில கோடி. அப்பா குத்தகைக்கு உழுவது ஒன்றரை ஏக்கர். நாங்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

நண்பர்கள் சிலர் என்னைத் 'தலையாட்டி பொம்மை' என்பார்கள். பெரிய கோயில் வாசலில் விற்கும் அந்தப் பொம்மை எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நிற்குமாம். இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதை மறுக்கிறேன்! பொம்மையின் அடி உருண்டை, கனமும் அங்கேதான். ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதால் அது எழுகிறது. அதற்கு உழைப்பே இல்லை. எனக்கோ ஈர்ப்பு மையம் வயிற்றருகே; தாங்குபவை இரண்டு பாதங்கள். நான் எழுவதற்கு ஒரு சுவரோ ஒரு தோளோ வேண்டும். ஆகவே, நண்பர்களே, நான் விழுந்தால் கையைப் பற்றி இழுக்காதீர்கள். பக்கத்தில் குனிந்து தோளைக் கொடுங்கள். நானே பிடித்துக்கொண்டு எழுவேன்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் என்னுடையது. அது தடுமாறும் காலாக அமைந்தது. திருவையாற்றிலிருந்து தஞ்சைக்கு வரும் பேருந்து காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என ஐந்து ஆறுகளைக் கடக்கிறது. முதலாண்டில் ஒருநாள், "காலையிலேயே போட்டுட்டு வந்துட்டான் பாரு" என்றார் பின்னால் நின்றவர். இறங்கும் வரை திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வாரமே அப்பா ஒரு மூங்கில் கழியைச் சீவித் தந்தார். மறுநாள் அதே பேருந்தில் எழுந்து இடம் கொடுத்தார்கள். தள்ளாட்டம் ஒன்றுதான்; கையில் கழி இருந்தால் நோய், இல்லாவிட்டால் குடி!

கால்களை அகட்டி வைத்து நடக்கிறேன். முகம் கழுவும்போது கண் மூடுமாதலால் உட்கார்ந்தே கழுவுகிறேன். தலைமாட்டில் டார்ச் விளக்கு. விழப்போவது தெரிந்தால் புத்தகங்களை விட்டுவிட்டு, முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் சரிவேன். கையை ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும், ஒருமுறை போயிற்று. வயலில் விழுந்தால் சேறு வாங்கிக்கொள்ளும். கல்லூரி மாடிப்படிக்கு அந்தத் தயவு கிடையாது.

இவற்றையெல்லாம் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது வேறு. பழுதான மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்நோய் தோன்றும். அவர்களுக்கு ஒன்றும் இராது. அம்மா, அப்பாவுக்கு மாமன் மகள். "சொந்தம் விட்டுப்போகக் கூடாதுன்னு கட்டிக்கிட்டோம், அது உன் கால்ல வந்து நிக்குதே" என்று அம்மா ஒருநாள் அழுதாள். உடன்பிறந்தவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. என் தங்கைக்கு வயது 13. இப்போதே சோதித்துவிடலாமா என்று அப்பா கேட்டார். அறிகுறி இல்லாத பிள்ளைக்குச் சோதனை வேண்டாம், 18 வயதானபின் அவளே முடிவு செய்யட்டும் என்றார் மருத்துவர். அது சரியென்றே எனக்கும் படுகிறது. அம்மாவுக்கு அந்த ஐந்தாண்டுப் பொறுமை இல்லை.

விடுமுறை நாளில் தங்கைதான் வயலுக்குக் கஞ்சி கொண்டுபோவாள். நடவு நட்டுக்கொண்டிருக்கும் அம்மா, அவள் வரப்பேறியதும் நிமிர்ந்துவிடுவாள். கையில் நாற்று அப்படியே இருக்கும். பார்வை முழுவதும் அவள் பாதங்களில்.

"என்னம்மா அப்படிப் பாக்குறே?" என்பாள் தங்கை.

"ஒண்ணுமில்லடி. கஞ்சி சிந்தாம வா."