ஜீப் கிடையாது, டிக்கெட் கவுன்டர் கிடையாது... பழவேற்காடு பூநாரைகளைப் பார்க்கப் போறீங்களா? இதைப் படிச்சுட்டுக் கிளம்புங்க!

'சஃபாரி' என்றதும் நம் மனதில் ஓடும் படம் ஒன்றுதான். பச்சை ஜீப், முன் சீட்டில் வழிகாட்டி, மூங்கில் புதருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் யானை. முதுமலைக்கோ பந்திப்பூருக்கோ போனால் அந்தப் படம் பொருந்தும். சென்னை சென்ட்ரலில் புறநகர் ரயில் ஏறி, மீஞ்சூர் தாண்டி, பொன்னேரியில் இறங்கிப் போகிற ஒரு வனவிலங்குச் சரணாலயத்துக்கு அந்தப் படம் சுத்தமாகப் பொருந்தாது. அதுதான் பழவேற்காடு.

இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவிலும், தெற்கு முனை நம் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பக்கம் 153.67 சதுர கிலோமீட்டர் பரப்பு 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால், 'சரணாலயம் எங்கே ஆரம்பிக்குது?' என்று வாசலைத் தேடினால் கிடைக்காது. வேலியும் கிடையாது. மீன் ஏலம் நடக்கும் கரை, வலை காயும் திட்டு, பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போகும் பாலம் எல்லாமே இந்த ஏரியை ஒட்டித்தான்.

அதனால் இங்கே வருவதற்குத் திட்டமிடுவது காட்டுக்குப் போவது போலல்ல. இன்னொருவர் வேலை பார்க்கும் இடத்துக்கு விருந்தாளியாகப் போவது போல. அந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் எப்போது போவது, எங்கே நிற்பது, என்ன செய்யக் கூடாது என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

எந்த மாதம் போகலாம்?

பொதுவாக அக்டோபர் முதல் மார்ச் வரை பறவை சீசன் என்பார்கள். பூநாரைதான் உங்கள் இலக்கு என்றால் ஜனவரி பாதிக்கு மேல், பிப்ரவரி, மார்ச் நல்ல தேர்வு. காரணம், நீர்மட்டம்.

பூநாரைக்கு எவ்வளவு நீளக் கால் இருந்தாலும், அது சாப்பிடுவது தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து, சேற்று நீரை வடிகட்டித்தான். நுண்பாசியும் சின்னஞ்சிறு இறால் இனங்களும் அதன் உணவு. அந்த உணவில் இருக்கும் நிறமிதான் அதன் இறகுக்கு இளஞ்சிவப்பைத் தருகிறது. இப்படிச் சாப்பிட ஆழம் குறைந்த நீர் வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் கொண்டுவந்து கொட்டும் வெள்ளத்தில் ஏரி நிரம்பியிருக்கும்போது அதற்கு வசதிப்படாது. மழை ஓய்ந்து நீர் வடிய வடிய, சேற்றுத் திட்டுகள் வெளியே வரும். அப்போது கூட்டம் கூட்டமாக இறங்கும்.

ஒவ்வோர் ஆண்டும் மழை ஒரே மாதிரி பெய்வதில்லை. ஆகவே, 'போன வருஷம் ஜனவரி முதல் வாரம் பார்த்தோம்' என்று நண்பர் சொன்ன தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஆண்டு மழை முடிந்து எத்தனை நாளானது என்று பாருங்கள்.

காணும் பொங்கல், ஞாயிற்றுக்கிழமை, தொடர் விடுமுறை நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். கூட்டமும் இரைச்சலும் பறவைகளைத் தூரத்துக்குத் தள்ளிவிடும். பக்கத்தில் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாள்களில் மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவிப்பார்கள். மீன் சந்தையின் பரபரப்பைப் பார்க்கும் ஆசை இருந்தால் அந்தத் தேதியையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது?

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் போகும் புறநகர் ரயிலில் ஏறினால், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், அனுப்பம்பட்டு, அடுத்தது பொன்னேரி. சுமார் ஒரு மணி நேரம். பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் பழவேற்காடு சுமார் 20 கிலோமீட்டர். பேருந்து உண்டு, ஷேர் ஆட்டோவும் கிடைக்கும். காலை வெளிச்சம் வேண்டும் என்றால் முதல் ரயில்களில் ஒன்றைப் பிடிப்பது நல்லது. திரும்பும் கடைசிப் பேருந்து எப்போது என்று இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறை, ஏடிஎம் போன்ற தேவைகளைப் பொன்னேரியிலேயே முடித்துவிடுவது புத்திசாலித்தனம். ஏரிக்கரையில் நிழலும் குறைவு.

எங்கே நின்று பார்ப்பது?

முதல் இடம், பழவேற்காட்டிலிருந்து லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போகும் பாலம். நீர்க்காகம், ஆலா, கடற்காகம், சாம்பல் நாரை எல்லாம் இங்கேயே கணக்கில் வந்துவிடும். வண்டி ஓடும் பாலம் என்பதால் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஏரியின் மேற்குக் கரையில் இருக்கும் அண்ணாமலைச்சேரி. பறவை பார்ப்பவர்களுக்கு நன்கு பழக்கமான மீனவக் கிராமம். பூநாரைகளையும், நெடுங்கால் உள்ளான், ஊசிவால் வாத்து போன்ற வலசைக் கூட்டங்களையும் கரையிலிருந்தே பார்க்க வாய்ப்பு அதிகம். மேற்குக் கரை என்பதால் காலையில் சூரியன் உங்கள் முகத்தில் அடிக்கும். படம் எடுப்பவர்களுக்கு மாலை மூன்று மணிக்கு மேல்தான் வெளிச்சம் தோதாக விழும்.

இரண்டு இடத்திலும் பைனாகுலர் இருந்தால் கதையே வேறு. எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது போதும். செல்போனில் பெரிதாக்கி எடுத்தால் பூநாரை ஒரு வெள்ளைப் புள்ளியாகத்தான் விழும். அதனால் 'பறவைக் கூட்டத்தோடு செல்ஃபி' என்ற எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். பூநாரை பறந்தெழ வேண்டுமென்றால் நீரின் மேல் சில அடிகள் ஓடித்தான் எழும்பும். யாராவது கையைத் தட்டியோ சத்தம் போட்டோ கூட்டத்தைக் கிளப்பினால் நமக்கு ஒரு ரீல்ஸ், அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு நஷ்டம்.

எளிய அடையாளம் ஒன்று உண்டு. தலை நீருக்குள் இருந்தால் அது நிம்மதியாகச் சாப்பிடுகிறது. கூட்டம் மொத்தமாகத் தலையைத் தூக்கிவிட்டால் நீங்கள் தேவைக்கு மேல் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். அங்கேயே நில்லுங்கள், முடிந்தால் பின்னால் நகருங்கள். சரணாலயம், அதுவும் பக்கத்திலேயே ராக்கெட் ஏவுதளம் என்பதால் ட்ரோன் யோசனையே வேண்டாம்.

'அண்ணா, படகு போகுமா?'

பழவேற்காட்டில் இறங்கியதும் வெளியூர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். பதில் தெரிந்துகொள்வதற்கு முன் ஒரு தேதியைத் தெரிந்துகொள்ளுங்கள்: 2011 டிசம்பர் 25.

அந்தக் கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்தது. பெண்களும் குழந்தைகளும் உட்பட 22 பேர் இறந்துபோனார்கள். விடுமுறை நாளைக் கழிக்கக் குடும்பமாக வந்தவர்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது.

ஏரியின் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான். இதைக் கேட்டு 'இடுப்பளவுத் தண்ணிதானே' என்று தோன்றலாம். ஆனால், ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நீரோட்டமும் அலையும் வேறு மாதிரி. ஆழமும் மணல் திட்டும் அடிக்கடி இடம் மாறும். மீன்பிடிப் படகு வலைக்கும் அனுபவமுள்ள ஆளுக்கும் ஏற்பக் கட்டப்பட்டது. நீச்சல் தெரியாத இருபது பேர் எழுந்து நின்று போட்டோ எடுப்பதற்காக அல்ல.

எனவே, அனுமதியும் உயிர்காக்கும் கவச உடையும் இல்லாமல் யார் கூப்பிட்டாலும் ஏற வேண்டாம். 'கொஞ்ச தூரம்தான்' என்றாலும் வேண்டாம். வனத்துறையின் அனுமதியோடு ஏதேனும் ஏற்பாடு நடக்கிறதா என்பதைப் போகும் முன் விசாரித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் எதையும் இழந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். மோட்டார் சத்தத்தோடு நெருங்கினால் பறந்துவிடும் பூநாரை, கரையில் அமைதியாக உட்கார்ந்திருப்பவர் கண்முன்னே மணிக்கணக்கில் மேயும்.

நாம் பார்க்கும் ஏரி, அவர்களின் வயல்

சரணாலயம் என்ற பெயர் வந்தது 1980-ல். இங்கே வலை விழத் தொடங்கியது அதற்கு நூற்றாண்டுகள் முன்பு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் நல்ல மீன்பாடுள்ள இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்பதை ஊர் கூடி முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்வது. எல்லோருக்கும் வாய்ப்பு வர வேண்டும், ஒரே இடத்தை ஒருவரே அள்ளிவிடக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை.

இந்தக் கழிமுகப் பகுதி முழுக்க இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, கையாலேயே துழாவி இறால் பிடிப்பதைப் பார்க்கலாம். பனையோலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, பிடித்த இறாலை அதில் போட்டுக்கொண்டே நகர்வார்கள். காட்சி புதிதாக இருக்கிறது என்று கேமராவைத் தூக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். நம் அலுவலகத்துக்குள் முன்பின் தெரியாதவர் வந்து வீடியோ எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும்?

பறவைக்கும் மீனவருக்கும் இங்கே தேவை ஒன்றேதான். முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும். கடல்நீர் ஏறி இறங்கினால்தான் இறால் குஞ்சும் மடவை மீனும் ஏரிக்குள் வரும், நண்டு பெருகும். மணல் மூடிவிட்டால் ஏரி மூச்சுத் திணறும். முகத்துவாரத்தை நிலையாகத் திறந்துவைக்க வேண்டும் என்பது இந்த மக்களின் நெடுநாள் கோரிக்கை. தெற்கே காட்டுப்பள்ளி துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் முன்மொழிவு வந்தபோது மீனவக் கிராமங்கள் எதிர்த்ததும் இதே கவலையால்தான். கரையின் மணல் போக்கு மாறினால் முகத்துவாரம் என்னாகும், ஏரி என்னாகும் என்பது அவர்கள் கேள்வி. அடுத்த தலைமுறை இங்கே பூநாரை பார்க்குமா என்பதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

வெயில் ஏறிய பிறகு...

பத்து மணிக்கு மேல் கானல் அலையடிக்கும். பைனாகுலரிலும் தெளிவு இருக்காது. அப்போது ஊருக்குள் வாருங்கள். 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இந்த ஊர்தான். கோட்டை இன்று மண்மேடு. ஆனால், தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டம் பார்க்க வேண்டியது. நுழைவாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள், உள்ளே 17-ம் நூற்றாண்டுக் கல்லறைகளில் நுணுக்கமான டச்சு எழுத்துகள். பிள்ளைகளுக்கு வரலாற்றுப் பாடம் இனி மறக்காது. மகிமை மாதா ஆலயமும் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும் பழைய பள்ளிவாசல்களும் கிட்டக்கிட்டவே இருக்கின்றன.

திரும்பும்போது இங்குள்ள பெண்கள் பனையோலையில் பின்னும் கூடையோ பெட்டியோ ஒன்று வாங்குங்கள். இறாலும் நண்டும் வாங்குவதாக இருந்தால் ஐஸ் பெட்டி எடுத்துவருவது உத்தமம்.

இன்னொரு நாள் கையில் இருந்தால்?

அதே ரயில் பாதையில் ஆந்திராவின் சூலூர்ப்பேட்டை வரை போகலாம். அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியை நடுவே வெட்டிக்கொண்டு போகிறது. இருபுறமும் தண்ணீர். ஏவுதள வளாகத்துக்குள் அனுமதியின்றி நுழைய முடியாது. அதற்கு முன்பே சாலையோரம் பறவைகள் தெரியும். சூலூர்ப்பேட்டையிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் நேலப்பட்டு பறவைகள் சரணாலயம். நீரில் நிற்கும் மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இடம். முறையான வாசலும் பார்வைக் கோபுரமும் இருப்பதால் வயதானவர்களோடு வருபவர்களுக்கு இது சௌகரியம். அந்தக் கூழைக்கடாக்கள் குஞ்சுகளுக்கு மீன் தேடிப் போவதும் இதே பழவேற்காடு ஏரிக்குத்தான்!

கிளம்பும் முன் செக் லிஸ்ட்

* தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், சேறு பட்டாலும் பரவாயில்லை என்ற செருப்பு.
* பழுப்பு, பச்சை போன்ற மங்கல் நிற உடை. பளீர் வெள்ளையும் சிவப்பும் வேண்டாம்.
* பைனாகுலர், பறவைகள் கையேடு, பிள்ளைகளுக்கு ஒரு நோட்டு. பார்த்த பறவையின் பெயர், நேரம், எண்ணிக்கை எழுதச் சொல்லுங்கள்.
* குப்பைக்கு ஒரு பை. தின்பண்டக் கவர் காற்றில் பறந்தால் நேராக ஏரிக்குத்தான் போகும்.
* காயும் வலையை மிதிக்காதீர்கள், கட்டிய படகில் ஏறி உட்காராதீர்கள்.

ஒருவேளை நீங்கள் போன நாளில் பூநாரை ஒன்றுகூட இல்லையென்றால்? கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம், 'அண்ணா, இன்னிக்கு எந்தப் பக்கம் மேயுது?' என்று கேளுங்கள். விடியும் முன்பே ஏரிக்குள் போய்வந்தவர் அவர். அந்தத் தகவல் எந்தச் செயலியிலும் இருக்காது.