காற்றின் மீது பழி

தவறு நேர்ந்தால் காரணம் தேடுவது மனித இயல்பு. முதலில் கைக்கெட்டிய காரணத்தையே உண்மையெனக் கொண்டு அமைதியுறுவதும் மனித இயல்பே. இவ்வியல்பின் கேட்டினை இங்கிலாந்தில், துப்பாக்கி சுடும் திடலொன்றில் நாம் கண்டறிந்தோம்.

நம் மகன் சர்ரே மாவட்டத்து வோக்கிங் நகரில் பணிபுரிகிறான். போபால் அரசி ஷாஜஹான் பேகம் அவர்களின் பொருளுதவியால் 1889-இல் எழுந்த பள்ளிவாசல் அந்நகரில்தான் உள்ளது. அங்கே ஜும்ஆ தொழுத மறுநாள், அருகிலுள்ள பிஸ்லிக்கு நம்மை அழைத்துச் சென்றான். பிரிட்டனின் தேசிய ரைஃபிள் சங்கம் 1890 முதல் போட்டிகள் நடத்திவரும் இடம் அது. அம்பெய்தலை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்த செய்தியை ஓதியறிந்த நமக்கு அக்கலையின் மீது வெறுப்பில்லை. வருத்தம் வேறு. "குழல் தேய்ந்துவிட்டது வாப்பா. வங்கிக் கடனில் புதிது வாங்கப் போகிறேன்" என்றான். வட்டி என்னும் சொல்லை அவன் வாய் சொல்லவில்லை. நம் செவி கேட்டது.

1000 கஜத் தொலைவில் இலக்கின் உள்வட்டம் இரண்டடி அகலமே. குண்டு அதனைச் சென்றடைய ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகும். மணிக்கு ஒரு மைல் வேகமுள்ள குறுக்குக் காற்றே அதனை எட்டொன்பது அங்குலம் ஒதுக்கிவிடும். ஆகவே சுடுவோர் கொடிகளையும் கானலின் ஓட்டத்தையும் பார்த்துக் குறியைத் திருத்துவர். மகனின் குண்டுகள் உயரம் தவறவில்லை. இடமும் வலமுமாகவே சிதறின. அவன் குறிப்பேட்டில் விலகிய குண்டுகளுக்கெல்லாம் 'காற்று' என்றே எழுதியிருந்தான். அது போதாதென்று இப்போது குழலின் மீதும் பழி!

நமக்குத் துப்பாக்கி தெரியாது. கேள்வி கேட்கத் தெரியும். "குழல் தேய்ந்தால் பக்கவாட்டில் மட்டுமா சிதறும்?" "இல்லை, மேலும் கீழும் சிதறும்." "தோட்டாவின் வேகம் மாறினால்?" "உயரம் மாறும்." "விரல் விசையைக் கோணலாக இழுத்தால்?" "100 கஜத்திலேயே தெரிந்துவிடும். அங்கே எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன." சொல்லி முடித்தவன் சற்று நேரம் பேசவில்லை.

ஹதீஸ் கலையில் 'இல்லத்' என்பர். வெளித்தோற்றத்தில் பழுதற்ற அறிவிப்பினுள் மறைந்து கிடக்கும் குறை அது. ஓர் அறிவிப்பை மட்டும் உற்றுநோக்கினால் அது புலப்படாது; வந்த வழிகளையெல்லாம் ஒருங்கு திரட்டி ஒப்பிட வேண்டும். அவ்வாறே குறிப்பேட்டைப் பிரித்து, ஒரே காற்றில், ஒரே திருத்தத்தில் சுட்டவற்றை ஒன்றாக வரிசைப்படுத்தச் சொன்னோம். கொடிகள் துவண்டு தொங்கிய மாலையில் சுட்டவையும் ஒன்றரை அடி விலகிக் கிடந்தன. வீசாத காற்று எவ்வாறு தள்ளும்?

எஞ்சியது ஒன்றே: துப்பாக்கியின் சாய்வு. நெடுந்தொலைவில் குண்டு தாழ்ந்து விழும் என்பதற்காகக் குழலை ஏந்திப் பிடிக்கின்றனர். துப்பாக்கி ஒருபுறம் சாய்ந்தால் அவ்வேற்றத்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் திரும்பிவிடும். 1000 கஜத்தில் ஒரு பாகைச் சாய்வு ஏறக்குறைய ஆறங்குலம். 100 கஜத்தில் அது கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் தோட்டா இட்டபின் அவன் துப்பாக்கியை வெவ்வேறு சாய்வில் தோளில் பொருத்தி வந்திருக்கிறான்.

கொத்தனாரின் ரசமட்டம் போன்றதொரு சிறு குமிழியை முன்குறியில் பொருத்தினான். அடுத்த வாரம் சிதறல் பெரிதும் ஒடுங்கியது. மீந்த சிறு விலகல் மெய்யாகவே காற்றினுடையது. கடனுக்கு வேலையில்லாமற் போயிற்று. அல்ஹம்துலில்லாஹ்!

ஊர் திரும்பினோம். ஓதும் வகுப்பில் சிறுவர் சிலர் 'ஸே' எழுத்தை ஒரே வகையாகப் பிழைபட உச்சரித்தனர். கவனமில்லை என்று பல மாதங்களாகக் கடிந்து வந்தோம். அன்று பிரம்பை எடுத்த கை நின்றது. அவ்வெழுத்து நாநுனி மேல் முன்பற்களைத் தொட்டுப் பிறப்பது. நமக்கோ சென்ற ஆண்டு முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அவர்கள் பிழையாக ஓதவில்லை. நாம் ஓதியதை அப்படியே ஓதினர். பிரம்பை மூலையில் வைத்துவிட்டு, அவர்களிடம் பொறுத்தருளும்படி கேட்டுக்கொண்டோம்.