அவதானமாக இருக்கவும்

பத்திரிகை அலுவலகத்தில் இரவுப் பணி பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் முதற்பக்கத்தில் ஒரு மூலை வானிலை அறிக்கைக்கென்றே ஒதுக்கப்பட்டுவிடும். கொழும்பிலிருந்து வரும் அறிக்கையைத் தமிழாக்கி அச்சுக்கு அனுப்புவது பல வருடங்கள் எனது வேலையாக இருந்தது. "வடக்கு, கிழக்கு மாகாணங்களில் சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழை பெய்யக்கூடும். தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும்." இடப்பெயரும் எண்ணும் மாறும், கடைசி வாக்கியம் மாறவே மாறாது.

வன்னியிலிருந்து அலுவலகத்துக்கு வந்த முதிய விவசாயி ஒருவர் ஒருநாள் கேட்டார்: "தம்பி, அவதானமாய் இருக்கச் சொல்லிப் போட்டிருக்கிறியள். நான் என்ன செய்யவேணும் எண்டு போடேல்லையே? மாட்டை அவிட்டு விடுறதோ, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போறதோ?"

அறிக்கையில் அதற்குப் பதில் இல்லை. மழையை வளிமண்டலவியல் திணைக்களம் சொல்கிறது; ஆற்று நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் சொல்கிறது; மலைச்சரிவுகளைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. இவற்றை ஒருங்கிணைத்து மக்களிடம் சேர்க்கவே ஆழிப்பேரலையின் பின்னர் 2005இல் சட்டமியற்றி அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை அமைத்தார்கள். எனினும் கிளிநொச்சிக் கமக்காரனுக்கு வேண்டியது மழையின் அளவு மட்டுமன்று. கனகராயன் ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மழை இரணைமடுவுக்கு வந்து சேர நேரமெடுக்கும். தன் வீட்டுக்கு மேலே வானம் வெளித்திருக்கும்போதும் வெள்ளம் வரலாம். வான்கதவு எத்தனை மணிக்குத் திறக்கப்படும், எந்த வீதி முதலில் மூழ்கும் என்பதே அவனுக்கான செய்தி. 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த பெருமழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல கிராமங்கள் இதை அனுபவித்தே அறிந்தன.

சொன்னால் மட்டும் போதுமா என்பது வேறு விடயம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணுள் புதையுண்டன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. தோட்டத் தொழிலாளிக்குச் சொந்தக் காணி ஏது, எழுந்து போவதற்கு? போக்கிடமற்றவனிடம் "வெளியேறு" என்று சொல்வதை எச்சரிக்கை என்று எழுத எனக்கு மனம் வருவதில்லை.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தது. அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. அந்நாட்களில் எச்சரிக்கைகள் பல தமிழில் பிந்தியே வந்தன, சில வரவே இல்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. மலையகத்தில் ஆபத்தான சரிவுகளில் வாழ்வோரில் பெருந்தொகையினர் தமிழ் பேசுவோர். மொழியுரிமை என்றால் பெயர்ப்பலகை பற்றிய பேச்சு என்று நினைப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

பங்களாதேஷில் 1970ஆம் ஆண்டுப் புயலில் இலட்சக்கணக்கானோர் இறந்தார்கள். பின்னர் அவர்கள் கிராமந்தோறும் தொண்டர்களைப் பழக்கி, கையில் ஒலிபெருக்கியும் கொடியும் கொடுத்தார்கள். புயல் கூடாரங்களைக் கட்டினார்கள். இன்று அங்கே அதே வலுவுள்ள புயலில் இறப்போர் தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. நம்மிடமும் கிராம அலுவலர் இருக்கிறார், கோயில் ஒலிபெருக்கி இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது, 117 என்ற அவசர இலக்கமும் இருக்கிறது. இல்லாதது, மாரிக்கு முன்னரே கூடிப் பேசி எழுதிய ஒரு தாள்: நடக்கமாட்டாத முதியவர் எந்த வீட்டில், பிள்ளைத்தாய்ச்சி எந்த வீட்டில், வள்ளம் யாரிடம், உழவு இயந்திரம் யாரிடம்.

கடந்த மாதம் ஊருக்குப் போனபோது, வெள்ளம் வந்தால் சனம் தங்கும் பாடசாலையின் திறப்பு இரவில் யாரிடம் இருக்கும் என்று விசாரித்தேன். மூன்று பேர் மூன்று பெயர்களைச் சொன்னார்கள். அதில் ஒருவர் கனடாவில் இருக்கிறார்.