கணவாய்க்கு முன் ஒரு கிழிசல்

மணாலியிலிருந்து ஸ்பிதிப் பள்ளத்தாக்கின் காஸாவுக்குச் சுமார் 200 கி.மீ. 2020 அக்டோபரில் அடல் சுரங்கம் திறக்கப்பட்டபின் ரோதாங் கணவாயில் ஏறி இறங்கும் சிரமம் மிச்சம். ஆனால் கிராம்ஃபூவில் காஸா சாலைக்குத் திரும்பியதும் பயணம் தன் சுயரூபத்தைக் காட்டுகிறது. சந்திரா நதியை ஒட்டி சத்ரு, பாதல் என்று நீளும் பாதையில் உருண்டைக் கற்களும் குறுக்கே பாயும் ஓடைகளும்தான் அதிகம். சத்ரு என்ற பெயர் தமிழ்க் காதுக்கு விபரீதமாக ஒலிப்பது தற்செயல். எனினும் வண்டிக்கு அங்கே பகைவர்கள் உண்டு: கூரான கல், பனி உருகிய நீர், ஆற்று மணல்.

இவை மூன்றுக்கும் எளிதில் இரையாவது, முன் அச்சுத் தண்டின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை. ஒர்க்‌ஷாப் பாஷையில் ஆக்ஸில் பூட். துருத்தி போல் மடிப்பு மடிப்பான இது இரண்டு வேலை செய்கிறது: உள்ளே கிரீஸைக் காக்கிறது, வெளியே மண்ணை நிறுத்துகிறது. (ஜிப்ஸியில் இந்தக் கவலை வேறு விதம். அதன் மூட்டு உருண்டையான இரும்புக் கூட்டுக்குள் இருக்கிறது.)

உறை கிழிந்தால் வண்டி உடனே நின்றுவிடாது. சத்தம்கூட வராது. சிக்கலே அதுதான். ஸ்பிதிக்குப் போகும் டாக்சிக்காரர்களுக்கு ஆண்டு வருமானம் கோடையின் சில மாதங்களில்; அதன்பின் குன்ஸும் கணவாயைப் பனி மூடிவிடும். அப்படியிருக்க, ஓசையில்லாத ஒரு கிழிசலுக்காக ஒரு நாள் சவாரியை விடுவதா?

விடை கிழிசலின் நீளத்தில் இல்லை. முன்னே இருக்கும் பாதையில் இருக்கிறது. ரப்பரில் மேலோட்டமான வெடிப்பு, கிரீஸ் கசியவில்லை என்றால் கவனித்துக்கொண்டே போகலாம். சக்கரத்தின் உட்புறம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் உறை திறந்துவிட்டது என்று பொருள். நல்ல தார்ச் சாலையில் ஊர் திரும்புவதென்றால் பெரும்பாலும் தாங்கும். ஓடைகளைக் கடப்பதென்றால் தாங்காது. நீரோடு புகும் மணல் கிரீஸில் கலந்து உள்ளிருக்கும் எஃகுக் குண்டுகளை அரைத்துவிடும். மணாலியிலேயே மூட்டைக் கழற்றிக் கழுவி, புது கிரீஸ் அடைத்து, புது உறை மாட்டுவதே லாபம்.

முழுக்க ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது ‘டக் டக்’ என்று கேட்டால் கதை வேறு. மூட்டே தேய்ந்துவிட்டது; புது உறை போடுவது வீண் செலவு. மூட்டையோ முழுத் தண்டையோ மாற்றாமல் கணவாய் ஏறக்கூடாது.

நடுவழியில் கிழிந்தால்? பழைய ட்யூபை நீளமாக வெட்டிச் சுற்றி, பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டுவது கைவைத்தியம். அது காஸா வரை உதவலாம்; ஊர் திரும்பும்வரை நம்ப முடியாது. வெயில் ஏற ஏறப் பனி உருகி ஓடைகள் பெருகும். ஆகவே அதிகாலையிலேயே அவற்றைத் தாண்டிவிட வேண்டும்.

சுமார் 4,550 மீட்டர் உயரமுள்ள குன்ஸுமில் அச்சு உடைந்த வண்டியை இறக்க இழுவை வண்டி எப்போது வரும், என்ன கேட்கும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உறைக்கும் கிரீஸுக்கும் ஆகும் செலவு அதற்கு முன் அற்பம். கிளம்புமுன் டாக்சிக்காரர் வண்டிக்கடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் தங்கச் சொன்னால் பயணிகள் முகம் சுளிக்க வேண்டாம். தன் ஒரு நாள் வருமானத்தையும் விட்டுத்தான் அவர் அதைச் சொல்கிறார்.