அம்மா சொன்னதும் நான் பார்த்ததும்

முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. போனில் விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

போன வாரம் என்னிடம் படித்த ஒருத்தியின் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். சமூகப்பணியில் முதுகலை படிக்கிறாள். கணியம்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் தாய்மார்கள் பிள்ளைகளை எப்படி வளர்க்கிறார்கள் என்று ஆய்வு செய்கிறாளாம். கையில் நாற்பது கேள்விகள் அடித்த தாள். துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டு போனாள்.

நம் ஒன்றியத்துக்குக் கேள்வித்தாள் புதிதல்ல. வேலூர் சி.எம்.சி.யின் சமூக மருத்துவத் துறை பல பத்தாண்டுகளாக வீடு வீடாக வந்து பிறப்பு, இறப்பு, தடுப்பூசி எல்லாம் எழுதிக்கொண்டு போகிறது. மருத்துவம் படிக்கும் பிள்ளைகளும் கிராமத்தில் வந்து தங்கிக் கணக்கெடுப்பார்கள். அதனால் யார் நோட்டோடு வந்தாலும் நம் பெண்கள் கூச்சப்படாமல் உட்கார்ந்து பதில் சொல்வார்கள். எந்தப் பதில் வந்தவருக்குப் பிடிக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

முதல் வீட்டில், குழந்தையை அடிப்பதுண்டா என்று கேட்டாள். "ஐயோ, கையே வெக்க மாட்டேன்." எவ்வளவு நேரம் செல்போன் பார்ப்பான்? "அரை மணி நேரம்." நாங்கள் அங்கே ஒன்றேகால் மணி நேரம் இருந்தோம். அவ்வளவு நேரமும் பையன் தூணுக்குப் பின்னால் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அம்மா பொய் சொன்னாள் என்று சொல்ல மாட்டேன். சமைக்கும்போது தான் கொடுப்பது மட்டும்தான் அவள் கணக்கு. தாத்தாவிடம் பிடுங்குவது அதில் வராது.

வெளியே வந்ததும் அந்தப் பெண் கேட்டாள்: "ஆயா, அவங்க சொன்னத எழுதறதா, நாம பாத்தத எழுதறதா?"

இதில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது. அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

1984 என்று நினைவு. வட ஆற்காடு மாவட்டம் பிரியாத காலம். ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு பள்ளியில் இருந்தேன். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், வாரத்தில் இரண்டு நாள் வரமாட்டான். அம்மாவை வரச்சொன்னேன். மல்லாட்டை பிடுங்கிய கையோடு, முந்தானையில் மண்ணோடு வந்தாள். ஏன் வருவதில்லை என்று கேட்டேன். "ஊரச் சுத்தறான் டீச்சர், தறுதலை. கண்ண மட்டும் வுட்டுட்டு தோல உரிச்சிடுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்" என்றாள்.

அந்தக் காலத்தில் எல்லா அம்மாவும் சொல்கிற வாசகம்தான். நான் அதை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொண்டேன். அடுத்த முறை அவன் வராமல் இருந்துவிட்டு வந்தபோது புளியங்குச்சியால் முழங்காலுக்குக் கீழே அடித்தேன். கொஞ்சம் அதிகமாகவே.

அன்று மாலை மனது கேட்காமல் அவன் தெரு வழியாகப் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவன் கால் அவள் மடியில். தேங்காயெண்ணெய் தடவி ஊதிக்கொண்டே, "உனக்கு வேணும்டா, நல்லா வேணும்" என்று திட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவன் காலைக் கீழே இறக்கிவிட்டு எழுந்து, "இன்னும் நாலு போட்டிருக்கலாம் டீச்சர்" என்றாள்.

உள்ளே ஏணையில் ஒரு கைக்குழந்தை. அம்மாவுக்குக் கூலி வேலை கிடைக்கும் நாட்களில் தங்கையைத் தூக்கிவைத்துக்கொண்டு, கஞ்சி ஊட்டித் தூங்கவைப்பது இந்த எட்டு வயதுப் பையன். பிள்ளையை வேலைக்காக நிறுத்திக்கொண்டேன் என்று டீச்சரிடம் எப்படிச் சொல்வாள்? ஊரைச் சுற்றுகிறான் என்பது சுலபம்.

அதோடு குச்சியைத் தொடவே இல்லை என்று நான் எழுதினால், இதைப் படிக்கும் 1990களின் மாணவர்கள் சிரிப்பீர்கள். ஆகவே எழுதவில்லை.

ஆனால் பார்த்துவிட்டால் போதும் என்றும் இல்லை. அதன்பிறகு அந்த வீட்டுக்கு அடிக்கடி போனேன். முதல் சில நாட்கள் குழந்தைக்குப் பவுடர் போட்டுப் பொட்டு வைத்துக் காட்டினாள். அது எனக்காக. பழகியபின்தான் வீடு வீடாக இருந்தது. அப்போது ஒன்று கவனித்தேன். குழந்தை தூங்கினால் அவள் அதன் முகத்தைப் பார்க்கவே மாட்டாள், திரும்பிக்கொள்வாள். பெண் பிள்ளை, அதனால் பிடிக்கவில்லை என்று நானே முடிவுகட்டிவிட்டேன். ஒருநாள் கேட்டும் விட்டேன். "தூங்கற புள்ளைய பெத்தவ பாக்கக் கூடாது டீச்சர். தாய்க் கண்ணுதான் மொதல்ல படும்" என்றாள். கேட்காமல் இருந்திருந்தால் என் கண் எனக்குத் தப்பாகவே சொல்லியிருக்கும்.

பிற்பாடு மார்கரெட் டிராவிக் என்ற அமெரிக்க மானுடவியலாளரைப் பற்றித் தெரிந்தது. தமிழ்க் குடும்பம் ஒன்றோடு தங்கிப் பழகி, நம் வீடுகளில் அன்பு எப்படி ஒளித்துவைக்கப்படுகிறது என்று 1990இல் புத்தகம் வெளியிட்டவர். தாயின் பார்வையே பிள்ளைக்கு ஆகாது என்ற இந்தப் பயமும் அதில் இருக்கிறது. அமெரிக்கப் பெண்மணிக்குத் தெரிந்தது, பிறந்ததிலிருந்து இங்கே இருக்கும் எனக்கு ஒரு மல்லாட்டைக் கூலிக்காரி சொல்லித்தான் தெரிந்தது.

ஜான் வைட்டிங், பியாட்ரிஸ் வைட்டிங் தம்பதியின் குழு 1950களில் ஆறு நாடுகளில் பிள்ளை வளர்ப்பை ஆராய்ந்தது. இந்தியாவில் எடுத்துக்கொண்டது உத்தரப் பிரதேசத்தின் காலாப்பூர். தாய்மார்களிடம் பேட்டியும் எடுத்தார்கள், பிள்ளைகளை ஐந்தைந்து நிமிடமாகப் பார்த்து எழுதியும் வைத்தார்கள். பேட்டியை வைத்து 1964இல் ஒரு புத்தகம், பார்த்ததை வைத்து 1975இல் வேறொன்று. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டவில்லை.

அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது இதுதான். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதிக்கொள். அன்றைக்கு 'தோலை உரியுங்கள்' என்பது நல்ல தாய் சொல்லும் பதில். இன்றைக்கு, 2009 கல்விச் சட்டம் பள்ளியில் அடிக்கக் கூடாது என்று சொன்ன பிறகு, 'கையே வைக்க மாட்டேன்' என்பது நல்ல தாயின் பதில். ஊர் எதை நல்லது என்று நினைக்கிறது என்பதற்கு அது சாட்சி. வீட்டுக்குள் நடப்பதற்குச் சாட்சி ஆகாது. முதலில் தாளில்லாமல் நாலு நாள் போய் உட்கார். பிறகு, 'இப்ப ஏன் இப்படி செஞ்சீங்க?' என்று பார்த்ததைப் பற்றியே கேள்.

அந்தப் பையன் இங்கே என் நட்புப் பட்டியலில் இருக்கிறான். இப்போது லாரி ஓட்டுகிறான். அவன் அம்மா இல்லை. தம்பி, தங்கச்சிக்காகத்தான் நீ வரவில்லை என்பதை உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அடித்தேன். நாற்பது வருஷம் கழித்து இதைச் சொல்கிறேன்.

அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் வருகிறாள். நம் தெருவில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் ஒரு ஓரமாக உட்கார்ந்திருப்பாள். காபி, பலகாரம் என்று அமர்க்களம் செய்யாமல் உங்கள் வேலையைப் பாருங்கள். பவுடர் வேண்டாம்.