சந்தனமடு ஆற்றங்கரையில் ஒரு நாண்

அக்காவின் மகன் உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறான். ஒரு ஞாயிறு காலை என்னைச் சித்தாண்டிச் சந்தனமடு ஆற்றுக்கு இழுத்துப் போனான். இக்கரையில் 40 மீற்றர் இடைவெளியில் இரண்டு தடி நட்டோம். ஒவ்வொரு தடியிலும் பாகைமானியை வைத்து, ஒரு ஈர்க்கைத் திருப்பி அக்கரை மருதமரத்தைக் குறிபார்த்தான். 68 பாகை, 75 பாகை. மரத்தடிக் கோணம் மிச்சம் 37. பிறகு 40ஐ சைன் 75ஆல் பெருக்கி, சைன் 37ஆல் வகுத்தான். முதல் தடியிலிருந்து மரத்துக்கு 64 மீற்றர்.

தோணிக்காகக் காத்திருந்த பெரியவர் சிரித்தார். "ஏறினா அக்கரைதானே தம்பி, இதுக்கு என்னத்துக்குக் கணக்கு?"

அவருக்குப் பதில் சொல்லிவிடலாம். மருமகன் கேட்டதுதான் வில்லங்கம்: "மாமா, சைன் எண்டா என்ன?"

எதிர்ப்பக்கத்தைச் செம்பக்கத்தால் வகுப்பது என்று ஒப்பிக்கத் தெரியும். சொல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. அன்றிரவே தேடத் தொடங்கினேன்.

முதலில் அகப்பட்டது இலத்தீன் 'சைனஸ்'. மடிப்பு, வளைவு, குடா என்றெல்லாம் பொருள். குடா என்றதும் வாவிக்கரை ஆளான எனக்கு ஒரு கணம் புளுகம், வீண் புளுகம். 12ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பாளர்கள் அரபு 'ஜைப்' என்பதற்குப் போட்ட சொல் அது. ஜைப் என்றால் சட்டையின் கழுத்து மடிப்பு. அதுவும் பிழையாக வாசிக்கப்பட்டதே. அரபியர் சமஸ்கிருத 'ஜீவா'வை 'ஜீபா' என்று ஒலிபெயர்த்து, உயிர்க்குறி இல்லாமல் மெய்யெழுத்துகளை மட்டும் எழுதியிருந்தார்கள். ஜீவா, ஜ்யா இரண்டுக்கும் பொருள் வில்லின் நாண். 499இல் ஆரியபட்டர் 3438 ஆரைகொண்ட வட்டத்துக்கு 24 அரைநாண்களின், அதாவது சைன்களின், கணக்கை ஆரியபட்டீயத்தில் வைத்துவிட்டார். வேலாயுதர் குடியிருக்கும் சித்தாண்டியில் தேடப்போய் எனக்கு அகப்பட்டது வில்!

நாண் நம் பாடநூலிலேயே இருக்கிறது, வட்டம் பற்றிய பாடத்தில். மருமகன் ஆற்றங்கரையில் கையாண்ட சைன் நெறி வேறு பாடத்தில். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்று எனக்குப் படிப்பித்த எவரும் சொன்னதில்லை. முக்கோணியின் மூன்று உச்சிகள் வழியாக ஒரு வட்டம் வரைந்து பாருங்கள். மூன்று பக்கங்களும் அதன் நாண்கள். எந்தப் பக்கத்தையும் எதிர்க்கோணத்தின் சைனால் வகுத்தால் அந்த வட்டத்தின் விட்டமே வரும். சைன் நெறியில் மூன்று விகிதமும் சமம் என்பதன் சூட்சுமம் இவ்வளவுதான். தளமுக்கோணிக்கு இந்நெறியைத் தெளிவாக எடுத்துரைத்தவர் 13ஆம் நூற்றாண்டுப் பாரசீகர் நசீருத்தீன் அத்தூசி.

பெரியவருக்கான பதில் நில அளவையில் இருக்கிறது. ஒரு கோட்டைக் கவனமாக அளந்துவிட்டால், மலையுச்சிகளிலிருந்து கோணங்களை மட்டும் பார்த்து முக்கோணி முக்கோணியாக நாடு முழுவதையும் கணக்கிடலாம். நில அளவையாளர் லாம்டன் 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அப்படித்தான் தன் அளவையைத் தொடங்கினார். இலங்கை முக்கோண அளவைக்கு அப்படி அளந்த அடிக்கோடுகள் இரண்டு: மேற்கே நீர்கொழும்புப் பக்கம் ஒன்று, கிழக்கே நம் மட்டக்களப்பில் மற்றது. ஒன்றிலிருந்து கணக்கால் வந்துசேரும் நீளம் மற்றதில் அளந்த நீளத்தோடு பொருந்த வேண்டும்.

எங்களிடம் ஒத்துப்பார்க்க இன்னொரு கோடு இல்லை. பாகைமானியில் ஒரு பாகை கூடியிருந்தால் அந்த மருதமரம் 66 மீற்றரில் நிற்கும்.