மூன்றாம் இடம்

இங்கிலாந்துக் கால்பந்து லீகின் இரண்டாம் படியில் 24 கிளப்புகள். ஆகஸ்டில் ஆரம்பித்து மே வரை ஒவ்வொன்றும் 46 ஆட்டங்கள் ஆடுகின்றன. இவ்வளவு ஆடியும், யார் மேல் படிக்குப் போவது என்பது முழுசாகத் தீர்வதில்லை. 1974 முதல் 1986 வரை முதல் மூன்று இடங்களில் வந்தவர்கள் கேள்விமுறை இல்லாமல் மேலே போனார்கள். 1987-ல் இதை மாற்றினார்கள். முதல் இருவர் போகட்டும், மிச்சமுள்ள ஓர் இடத்துக்கு அடுத்தடுத்து வந்தவர்கள் மறுபடி மோதிக்கொள்ளட்டும் என்றார்கள். இதற்கு ப்ளே ஆஃப் என்று பெயர். ஓரிரு வருஷங்கள் தவிர, 1989 முதல் 2025 வரை மூன்றிலிருந்து ஆறு வரை வந்த நான்கு கிளப்புகளுக்கான விவகாரமாக இது இருந்தது. 1990-லிருந்து இறுதி ஆட்டம் ஒன்றே ஒன்றுதான். பெரும்பாலும் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில்.

முதல் வருஷமே மூன்றாவதாக வந்த ஓல்டாம் பலியாயிற்று. ஏழு புள்ளிகள் பின்தங்கி நான்காவதாக வந்த லீட்ஸுடன் ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்துக் கோல்கள் சமம். எதிராளியின் மைதானத்தில் அடித்த கோல் அதிக மதிப்புள்ளது என்ற விதியால் லீட்ஸ் முன்னேறியது. முந்தின வருஷமாக இருந்திருந்தால் ஓல்டாம் மேலே போயிருக்கும்.

இதெல்லாம் வெறும் வியாபாரம் என்கிறார் ஒரு நண்பர். ஸீஸனின் கடைசி மாதத்தில் நடுவில் கிடக்கிற கிளப்புகளுக்கு ஆட எதுவும் இல்லை, கூட்டம் குறையும், ஆகவே ஒரு பரபரப்பை ஏற்பாடு செய்கிறார்கள். அவர் சொல்வது சரிதான். ஆனால் ஒரு ஏற்பாட்டின் காரணத்தைச் சொல்லிவிடுவதால் அதற்குள் அகப்பட்டுக்கொண்டவர்களின் அனுபவம் தீர்ந்துபோவதில்லை.

ப்ரமோஷன் என்ற சொல் அங்கே கிளப்புகளுக்கும் இங்கே குமாஸ்தாக்களுக்கும் ஒன்றுதான். நான் வேலை பார்த்த ஆபீஸில் வெகுகாலம் ஸீனியாரிட்டி பட்டியல்தான் சட்டம். ஒரு வருஷம் அதை மாற்றி, பட்டியலில் மேலே இருந்த நான்கு பேரைக் கூப்பிட்டு இண்டர்வ்யூ வைத்தார்கள். இடம் ஒன்று. முதலாவதாக இருந்தவர் எனக்குப் பதினோரு வருஷம் மூத்தவர். நான் நான்காவது. இடம் எனக்குக் கிடைத்தது. அன்று சாயங்காலம் ஸைக்கிள் ஸ்டாண்டில் அவர், "உன்னை என்ன கேட்டாங்க தம்பி?" என்றார். சொன்னேன். "என்னையும் அதையேதான் கேட்டாங்க" என்றார். மறுநாளிலிருந்து என்னை 'சார்' என்று கூப்பிட ஆரம்பித்தார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். நடக்கவில்லை.

இடம் கிடைத்ததில் எனக்கு வெட்கம் இல்லை. சம்பளம் கூடியது, வீட்டில் அதற்குத் தேவை இருந்தது. ஆனால் பாராட்ட வந்த எல்லோரும் தகுதி என்ற வார்த்தையைச் சொன்னார்கள். அதுதான் உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது. பதினைந்து நிமிஷத்தில் என்னிடம் வெளிப்பட்டு, இருபது வருஷத்தில் அவரிடம் வெளிப்படாமல் போன அந்த வஸ்து எது?

ஸண்டர்லண்ட் என்ற கிளப்பை நான் தொடர்ந்து கவனிப்பதற்கு இந்தக் கேள்விதான் காரணம் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தின் வடகிழக்கில், ஒரு காலத்தில் கப்பல் கட்டிக்கொண்டிருந்த ஊர். ப்ளே ஆஃபின் எல்லா முகங்களையும் அது பார்த்திருக்கிறது. 1987-ல், கீழ்ப் படிக்குத் தள்ளப்படுவதைத் தடுக்க ஆடி, கில்லிங்கமிடம் 6–6 என்று சமமாக முடித்து, ஓல்டாமைக் கவிழ்த்த அதே விதியால் கீழே போயிற்று. 1990-ல் ஆறாவதாக வந்து இறுதி ஆட்டத்தில் ஸ்விண்டனிடம் தோற்றது. ஆனால் ஸ்விண்டனின் பணக்கணக்கில் முறைகேடு இருந்ததென்று அதற்கு ப்ரமோஷன் மறுக்கப்பட, தோற்ற ஸண்டர்லண்ட் மேலே போயிற்று. பட்டியலும் தேர்ந்தெடுக்கவில்லை, ஆட்டமும் தேர்ந்தெடுக்கவில்லை. மறு வருஷமே கீழே திரும்பி வந்தது.

1998-ல் 90 புள்ளிகளோடு மூன்றாவது. எதிரே 88 புள்ளிகளோடு சார்ல்டன். ஆட்டம் 4–4. சார்ல்டனுக்காக மூன்று கோல் அடித்த க்ளைவ் மெண்டோன்ஸா பிறந்த ஊர் ஸண்டர்லண்ட். பிறகு பெனால்டி. அதே பன்னிரண்டு கஜம், அதே பந்து. ஒரே கேள்வியைப் பதினான்கு பேரிடம் கேட்டார்கள். பதின்மூன்று பேர் சரியாகப் பதில் சொன்னார்கள். பதினான்காவது ஆள் மைக்கேல் க்ரே. அவரும் ஸண்டர்லண்டில் பிறந்தவர். அவர் உதைத்த பந்தைக் கோல்கீப்பர் ஸாஷா இலிச் பிடித்துவிட்டார். மறு வருஷம் ஸண்டர்லண்ட் 105 புள்ளிகளோடு, யாரிடமும் எதுவும் கேட்காமல், முதலாவதாக மேலே போயிற்று.

2025 மே 24. இம்முறை ஸண்டர்லண்ட் நான்காவது, புள்ளிகள் 76. எதிரே ஷெஃபீல்ட் யுனைடெட், மூன்றாவது, புள்ளிகள் 90. அதே 90. இங்கே ராத்திரி ஒன்பது மணி தாண்டியிருக்கும். முதலில் ஷெஃபீல்ட் அடித்தது, பிறகு ஸண்டர்லண்ட் சமன் செய்தது. தொண்ணூறு நிமிஷம் முடிந்து ஐந்தாவது நிமிஷத்தில் டாம் வாட்ஸன் அடித்த கோலில் 2–1. மாற்று ஆட்டக்காரராக வந்த 19 வயதுப் பையன். வேறு கிளப்புக்குப் போவதென்று ஏற்கனவே ஒப்பந்தமாகியிருந்தவன். 46 ஆட்டங்களில் சேர்ந்த பதினான்கு புள்ளி வித்தியாசம் ஓர் உதையில் செல்லாததாகிவிட்டது.

இது அநியாயம் என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெயிப்பதும் தகுதியும் இரண்டு வேறு விஷயங்கள் என்பதை மறைக்காத ஏற்பாடு இது. 76 எடுத்தவன் 90 எடுத்தவனை விடச் சிறந்தவன் என்று யாரும் வாதிட முடியாது. ஜெயித்தான், அவ்வளவுதான். என் ஆபீஸில் மதிப்பெண்கள் வெளியிடப்படவில்லை. முடிவு மட்டும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது; தகுதி என்ற சொல்லைப் பிறகு நாங்களாகவே அதன்மேல் ஒட்டினோம். நேர்ந்தது ஒரு நிகழ்ச்சி. அதைத் தீர்ப்பாக்கிக்கொண்டதுதான் பொய்.

கவிதையில் நாம் இவ்வளவு குழம்புவதில்லை. கபிலர் பெயரில் இருநூறுக்கு மேற்பட்ட பாட்டுகள் இருக்கின்றன. செம்புலப் பெயல்நீராருக்குக் குறுந்தொகையில் ஒன்று. சொந்தப் பெயர்கூடத் தங்காமல், அந்த ஒரே பாட்டின் உவமையே அவருக்குப் பெயராயிற்று. அவருடைய இடம் அந்த ஒரு பாட்டால் கிடைத்தது. அதற்காகக் கபிலரைப் பட்டியலிலிருந்து யாரும் இறக்கவில்லை. சக எழுத்தாளர்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்த நிதானம் நமக்குக் கைகூடுவதில்லை. ஒரு பரிசு, ஒரு தொகுப்பில் இடம் என்றவுடன் புள்ளிக்கணக்கைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறோம்.

லீக் அதைச் செய்வதில்லை. 1997–98 பட்டியலில் ஸண்டர்லண்டுக்கு எதிரே 90, 2024–25 பட்டியலில் ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு எதிரே 90. இரண்டும் மூன்றாம் இடத்தில் அப்படியே அச்சாகியிருக்கின்றன.